விமானம் ஓட்டக் கற்பதும் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் எந்தப் பள்ளியை அணுகுவது?

பள்ளியை அணுகுவதற்கு முன் மருத்துவரை அணுகுங்கள். விமானிகளுக்கான உடல்தகுதிச் சான்றை எல்லா மருத்துவர்களும் வழங்க முடியாது. அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் அதற்கென அங்கீகரித்த மருத்துவர்களே வழங்க முடியும். பொழுதுபோக்காகப் பறக்க விரும்புபவர்களுக்கு இரண்டாம் வகுப்புச் சான்று போதும். பிழைப்பாகப் பறக்க விரும்புபவர்களுக்கு முதல் வகுப்புச் சான்று தேவை. பிற்காலத்தில் விமான நிறுவனத்தில் வேலைக்குச் செல்லும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், தொடக்கத்திலேயே முதல் வகுப்புப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பயிற்சிக்குப் பெரும் பணத்தைச் செலவிட்ட பிறகு நிறக்குருடோ வலிப்பின் பழைய வரலாறோ குறுக்கே நிற்பது தெரியவந்தால், அந்தப் பணத்தை எவரும் திருப்பித் தரப்போவதில்லை.

இரண்டாவதாக, அறிமுகப் பறப்பு ஒன்றைச் செய்து பாருங்கள். பெரும்பாலான பள்ளிகள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும் அத்தகைய பறப்பை அளிக்கின்றன. பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சிறிது நேரம் கட்டுப்பாட்டுக் கருவிகள் உங்கள் கையிலேயே இருக்கும். இதை வானில் உலா வரும் வாய்ப்பாக மட்டும் எண்ணாமல், அந்தப் பள்ளியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பாகவும் கொள்ள வேண்டும். எதைப் பார்ப்பது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கண்ணாடி அணிபவர்கள் விமானி ஆக முடியுமா?

முடியும். கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிந்த நிலையில் பார்வை தேவையான அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும். பறக்கும்போது அவற்றை அணிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சான்றில் குறிக்கப்படும், மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் உடன் வைத்திருக்கச் சொல்வார்கள். கண்ணாடியைவிட நிறப் பார்வையே பலருக்குத் தடையாகிறது. புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் கொண்டு அதைச் சோதிக்கிறார்கள். அதில் தவறினாலும், பல நாடுகளில் மாற்றுச் சோதனைக்கு வழி உண்டு.

உரிமங்களில் எத்தனை வகை? எனக்கு எது பொருந்தும்?

தொடக்க நிலையினர் பெரும்பாலும் தனியார் விமானி உரிமத்தில்தான் தொடங்குகிறார்கள். இந்த உரிமம் உள்ளவர் நண்பர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிச் செல்லலாம். ஆனால் அதற்கு ஊதியம் பெறக் கூடாது. ஊதியத்திற்குப் பறக்க வணிக விமானி உரிமம் வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி முதலாவதற்குக் குறைந்தபட்ச வயது 17, இரண்டாவதற்கு 18. நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகள் இருந்தாலும் இந்த அடிப்படை பெரிதாக மாறுவதில்லை.

பறத்தலின் சுவையை அறிவது மட்டுமே நோக்கம் என்றால் கிளைடரையும் எண்ணிப் பாருங்கள். இயந்திரம் இல்லாத அந்த வானூர்திக்கு உரிமம் பெற 16 வயது போதும், செலவும் குறைவு. காற்றின் போக்கையும் சுக்கானின் பயனையும் கிளைடரைப்போல் வேறெதுவும் கற்றுத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

உரிமம் பெற எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும்?

சட்டம் கேட்பது ஒன்று, நடைமுறையில் ஆவது இன்னொன்று. தனியார் உரிமத்திற்குச் சர்வதேச விதி கேட்பது 40 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தின் கீழ்ப் படித்தால் 35 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 45 மணி நேரம் கேட்கிறது. இந்த மொத்தத்திற்குள் குறைந்தது 10 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அதிலும் 5 மணி நேரம் தொலைதூரத் தனிப் பறப்பாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று 270 கிலோமீட்டருக்குக் குறையாத பயணமாக, இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நிற்பதாக அமைய வேண்டும்.

இந்தக் குறைந்தபட்ச அளவிலேயே உரிமத் தேர்வுக்குத் தயாராகிவிடுபவர்கள் மிகச் சிலரே. அறுபது, எழுபது மணி நேரம் ஆவது சாதாரணம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. ஆகவே விளம்பரப் பிரசுரத்தில் 40 மணி நேரத்திற்கான தொகையை மட்டும் மொத்தச் செலவாகக் காட்டும் பள்ளியிடம், “உங்கள் மாணவர்கள் உண்மையில் சராசரியாக எத்தனை மணி நேரத்தில் தேர்வுக்குச் செல்கிறார்கள்?” என்று கேளுங்கள். எண்ணைத் தெளிவாகச் சொல்லும் பள்ளி, அந்த எண் பெரிதாக இருந்தாலும், நம்பத்தக்கது. பேச்சை மாற்றும் பள்ளியைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மணிக் கட்டணம் குறைவாக உள்ள பள்ளியைத் தேர்ந்தெடுப்பது சரிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நீங்கள் வாங்கப்போவது உரிமத்தை. மணி நேரத்தை அன்று. ஒரு பள்ளியில் மணிக் கட்டணம் 100 என்றும் உரிமம் பெற 70 மணி நேரம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 7,000. இன்னொரு பள்ளியில் கட்டணம் 120, ஆனால் 55 மணி நேரத்தில் முடிகிறது என்றால் மொத்தம் 6,600. கூடுதல் கட்டணம் கேட்ட பள்ளியே இங்கு மலிவாகிவிடுகிறது.

அந்தக் கூடுதல் 15 மணி நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் மறந்ததைத் திரும்பக் கற்பதில் போகிறது. விமானம் ஓட்டுவது, குறிப்பாகத் தொடக்கத்தில், முழுக்க முழுக்கக் கைப்பழக்கம். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை பறப்பவருக்கு முந்தைய பாடம் கையில் இருக்கும்போதே அடுத்த பாடம் வந்துவிடும். மாதம் இருமுறை மட்டும் பறப்பவர் ஒவ்வொரு பாடத்தின் முதல் பாதியையும் முந்தைய பாடத்தை மீட்பதிலேயே செலவிடுகிறார். எனவே பள்ளியிடம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, “மணிக்கு எவ்வளவு?” என்பதைவிட, “வாரத்திற்கு எத்தனை நாள் எனக்கு விமானமும் அதே பயிற்றுநரும் கிடைப்பார்கள்?” என்பதாக இருக்க வேண்டும். பணம் போதாவிட்டால், சேர்வதை ஆறு மாதம் தள்ளிப்போட்டுச் சேமித்து, பிறகு தொடர்ச்சியாகப் பறப்பதே சிக்கனம்.

கட்டண விவரத்தில் வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், நேரம் எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். பயிற்சி விமானங்களில் பொதுவாக இரண்டு அளவிகள் இருக்கும். ஹாப்ஸ் மீட்டர் என்பது இயந்திரம் ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை கடிகாரம்போல் ஓடுவது. டேக்கோமீட்டர் இயந்திரத்தின் சுழற்சியை எண்ணுவது. பறக்கும் வேகத்தில் அது கடிகாரத்தோடு ஒத்துப்போகும், தரையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது கடிகாரத்தைவிட வெகுவாகப் பின்தங்கும். ஓடுதளத்திற்கு முன் வரிசையில் பத்து விமானங்கள் காத்திருக்கும் பரபரப்பான நிலையத்தில், ஹாப்ஸ் கணக்கில் வரும் பில்லுக்கும் டேக்கோமீட்டர் கணக்கில் வரும் பில்லுக்கும் கணிசமான வேறுபாடு இருக்கும்.

அடுத்தது எரிபொருள். மணிக் கட்டணத்தில் எரிபொருள் அடங்குமா, தனியாகச் சேர்க்கப்படுமா? விலை ஏறினால் கூடுதல் தொகை கேட்பார்களா? தரையிறங்கும் கட்டணம், பறப்புக்கு முன்னும் பின்னும் பயிற்றுநர் பேசும் நேரத்திற்கான கட்டணம், தேர்வாளரின் கட்டணம், தேர்வு நாளுக்கான விமான வாடகை, காப்பீட்டில் விபத்து நேர்ந்தால் மாணவர் ஏற்க வேண்டிய பங்கு ஆகிய அனைத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கூடாது. விமானப் பயிற்சி என்பது லாப விளிம்பு மிகக் குறைவான தொழில். ஓர் இயந்திரம் பழுதானாலோ வானிலை சில வாரங்கள் கைவிட்டாலோ நல்ல பெயரெடுத்த பள்ளியும் தள்ளாடும். பள்ளி திவாலானால் மாணவர்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்கள். ஐந்து அல்லது பத்து மணி நேரத்திற்கான தொகையை மட்டும் கணக்கில் வைத்து, அது தீரத் தீர நிரப்பிக்கொள்ளுங்கள். முழுநேரப் படிப்பில் தவணை முறை கட்டாயம் என்றால், ஒவ்வொரு தவணையும் குறிப்பிட்ட கட்டத்தை நீங்கள் முடித்த பிறகே செலுத்தத்தக்கதாக இருக்கட்டும். இடையில் விலகினால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பள்ளிக்கு நேரில் செல்லும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வரவேற்பறையில் அதிக நேரம் இருக்க வேண்டாம். வானிலை நன்றாக உள்ள ஒரு வேலைநாள் காலையில் முன்னறிவிப்பின்றிச் சென்று, விமானங்கள் நிற்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பறப்பதற்கு உகந்த அந்தக் காலை நேரத்தில் எல்லா விமானங்களும் தரையிலேயே நின்றால், பயிற்றுநர் பற்றாக்குறையோ பழுதுபார்ப்புத் தாமதமோ இருக்கிறது என்று பொருள். பட்டியலில் எட்டு விமானங்கள் இருப்பதாகப் பெருமை பேசினால், அவற்றுள் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை என்று கேளுங்கள். இரண்டு விமானம் உள்ள பள்ளியில் இரண்டுமே பறந்தால், எட்டில் இரண்டு மட்டும் பறக்கும் பள்ளியைவிட அது மேல். மாணவர்களின் எண்ணிக்கையை விமானங்களின் எண்ணிக்கையோடும் பயிற்றுநர்களின் எண்ணிக்கையோடும் ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு விமானத்திற்கும் கோளாறுகளை எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று இருக்கும். அதைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். பல பக்கங்களாக ஒரு கோளாறும் எழுதப்படவில்லை என்றால் மகிழ வேண்டாம். தினமும் மாணவர்களின் முரட்டுத் தரையிறக்கங்களைத் தாங்கும் விமானத்தில் கோளாறு வராமல் இருக்காது, எழுதப்படாமல் இருந்திருக்கலாம். “இடது பக்க பிரேக் மென்மையாக உள்ளது” என்று ஒருவர் எழுதியதும், அதன் கீழேயே என்ன செய்யப்பட்டது என்று பொறியாளர் தேதியிட்டுக் கையெழுத்திட்டதும் தென்பட்டால், அதுவே ஒழுங்கான பள்ளியின் அடையாளம்.

வெளியே வரும்போது அங்குள்ள மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். கடந்த மாதம் எத்தனை பாடங்கள் ரத்தாயின, எத்தனை வானிலையால், எத்தனை பள்ளியின் காரணத்தால் என்ற ஒரே கேள்வி போதும்.

புதிய விமானங்கள் உள்ள பள்ளி சிறந்ததா?

அவசியம் இல்லை. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 முதன்முதலில் 1955இல் பறந்தது. இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டுள்ளன. நாற்பது வயதான செஸ்னாவும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால் நம்பத்தக்க விமானமே. பைப்பர் நிறுவனத்தின் தாழ்ந்த இறக்கை விமானங்களும் டைமண்ட் நிறுவனத்தின் விமானங்களும் பரவலாக உள்ளன. உயர்ந்த இறக்கையா தாழ்ந்த இறக்கையா என்ற வாதத்தைத் தொடக்க நிலையினர் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே வகை விமானத்தில் தொடர்ந்து பறப்பது முக்கியம்.

திரைகள் கொண்ட புதிய காட்சிப்பலகை கண்ணைக் கவரும் என்பது உண்மைதான். ஆனால் முதல் இருபது மணி நேரத்தில் நீங்கள் கற்க வேண்டியது வெளியே, தொடுவானத்திற்கும் விமானத்தின் மூக்கிற்கும் இடையிலான உறவில் இருக்கிறது. விமான நிறுவனத்தை நோக்கிச் செல்பவர்கள் பிற்பகுதியில் திரைகளுக்குப் பழகிக்கொள்ளலாம்.

நல்ல பயிற்றுநரை எப்படி அடையாளம் காண்பது?

அறிமுகப் பறப்பில் அவர் எவ்வளவு பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். நல்ல பயிற்றுநர் தரையில் நிறையப் பேசுவார், வானில் குறைவாகப் பேசுவார். நீங்கள் தவறு செய்யத் தொடங்கும்போது உடனே கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்ளாமல், ஆபத்து இல்லாத வரை அந்தத் தவறு முற்றுவதை நீங்களே உணர விடுவார். இறங்கிய பிறகு என்ன நன்றாக வந்தது, என்ன வரவில்லை, அடுத்த முறை என்ன என்ற மூன்றையும் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

இந்த முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது, 1917இல், இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி பயிற்சிமுறையையே மாற்றியமைத்தார். அதுவரை மாணவர்களை ஆபத்தான நிலைகளிலிருந்து விலக்கியே வைத்தார்கள். அவரோ அந்த நிலைகளுக்குள் மாணவரை வேண்டுமென்றே அழைத்துச் சென்று, அவற்றிலிருந்து மீளக் கற்பித்தார். இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில் ஒரு பேச்சுக் குழாய் வழியாகப் பயிற்றுநர் மாணவரோடு பேசினார். இன்று நீங்கள் ஸ்டால் பயிற்சி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து மீளும் பயிற்சி, செய்யும்போது பயிற்றுநர் செய்வதும் அதைத்தான்.

பல பயிற்றுநர்கள் விமான நிறுவன வேலைக்குத் தேவையான மணி நேரத்தைச் சேர்ப்பதற்காகவே கற்பிக்கிறார்கள். அதில் தவறில்லை, அவர்களுள் சிறந்தவர்களும் உண்டு. ஆனால் பாதியில் அவர் வேலை கிடைத்துப் போய்விட்டால் உங்களை யார் ஏற்பார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்றுநர் மாறும் ஒவ்வொரு முறையும், புதியவர் உங்களைப் புரிந்துகொள்ளவே சில மணி நேரம் கரைந்துவிடும். குரலை உயர்த்துபவரிடம் மாட்டிக்கொண்டால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். பயந்த கை யோக்கை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கைத் தூக்கித் தாழ்த்தவும் உதவும் கைப்பிடியை, இறுகப் பிடிக்கும். இறுகப் பிடித்த கையால் விமானம் என்ன சொல்கிறது என்பதை உணர முடியாது.

பெரிய விமான நிலையத்தில் உள்ள பள்ளியா, சிறிய விமான நிலையத்தில் உள்ள பள்ளியா?

கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்தில் வானொலிப் பேச்சு விரைவில் பழகும். ஆனால் காத்திருப்பு அதிகம். சிறிய நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் எட்டு, பத்துத் தரையிறக்கங்கள் செய்யலாம். கோபுரத்தோடு பேசப் பிறகு தனியாகப் பழக வேண்டும். இரண்டிலும் நல்ல விமானிகள் உருவாகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து தூரம் எவ்வளவு என்பதே இங்குப் பெரிதும் தீர்மானிக்கும், ஏனெனில் இரண்டு மணி நேரப் பயணத்திற்கு அப்பால் உள்ள பள்ளிக்கு வாரம் மூன்று முறை எவரும் செல்வதில்லை.

முதல் பாடத்தில் என்ன நடக்கும்?

பாடம் விமானத்தைச் சுற்றி நடப்பதில் தொடங்கும். பயிற்றுநர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்து, இறக்கையின் அடியிலுள்ள வால்வை அழுத்தச் சொல்வார். எரிபொருள் சீறிக்கொண்டு குப்பியில் இறங்கும். அதை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். பயிற்சி விமானங்களில் மிகுதியாகப் பயன்படும் பெட்ரோலுக்கு இளநீல நிறம் ஏற்றியிருப்பார்கள். நீல நிறத்துக்கு அடியில் நிறமற்ற குமிழி ஒன்று உருண்டால் அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருக்கும். அந்தக் குமிழி இயந்திரத்திற்குள் போனால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கத் தேவையிருக்காது. குமிழி வராத வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓடுதளத்தில், இயந்திரத்தின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முன்னே தள்ளியதும் பெரும்பாலான பயிற்சி விமானங்களின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். கார் ஓட்டிப் பழகியவர்கள் உடனே யோக்கை வலப்பக்கம் திருப்புவார்கள். விமானம் அதைப் பொருட்படுத்தாது. தரையில் திசை காலில் இருக்கிறது, வலது கால் பெடலை அழுத்த வேண்டும். இந்தப் பழக்கம் மாறச் சில பாடங்கள் ஆகும், எல்லோருக்கும் ஆகும். மேலே சென்ற பின், ஏறுதல், இறங்குதல், திரும்புதல், நேராகப் பறத்தல் ஆகிய நான்கின் முதல் அறிமுகம் கிடைக்கும். கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் “ஐ ஹேவ் கண்ட்ரோல்”, “யூ ஹேவ் கண்ட்ரோல்” என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்வது முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

பல வாரங்களாகியும் தரையிறக்கம் சரியாக வரவில்லை. எனக்குத் திறமை இல்லையோ?

இந்த ஐயம் எழாத மாணவரை நான் பார்த்ததில்லை. ஏறத்தாழ எல்லோருக்கும் பத்து முதல் இருபது மணி நேரத்திற்குள் ஒரு தேக்கம் வருகிறது. நேற்று வந்தது இன்று வராது. பெரும்பாலும் காரணம் கையில் இருப்பதில்லை, கண்ணில் இருக்கிறது. தரை நெருங்க நெருங்க மாணவரின் பார்வை மூக்கிற்கு நேர் எதிரே உள்ள தார்ப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே எல்லாம் மங்கலாக விரைந்து ஓடுவதால் உயரம் தெரியாது; ஒன்று பத்தடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டுத் தொப்பென்று விழுவார், அல்லது தூக்காமலே மோதித் துள்ளுவார். பார்வையை ஓடுதளத்தின் மறுகோடிக்கு மாற்றுங்கள். ஓடுதளத்தின் இரு ஓரங்களும் விரிந்து, தரை உங்கள் தோளை நோக்கி எழுவதுபோல் ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்தில்தான் யோக்கை மெதுவாகப் பின்னிழுக்க வேண்டும்.

இன்னொரு காரணம், தரையிறக்கம் அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே கெட்டுப்போயிருப்பது. இறங்கும் வேகம் சீராக இல்லாமல் வந்தால் கடைசி நொடியில் எந்தக் கைத்திறனும் அதைக் காப்பாற்றாது. சரியாக வரவில்லை என்றால் முழு விசையைக் கொடுத்து மேலேறி மறுபடியும் சுற்றி வாருங்கள். அதற்காக எந்தப் பயிற்றுநரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

முதன்முதலாகத் தனியாகப் பறப்பது எப்போது?

அதற்கு நிர்ணயித்த எண் கிடையாது. சிலர் பன்னிரண்டு மணி நேரத்தில் பறக்கிறார்கள், சிலர் முப்பதில். பயிற்றுநர் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்று நல்ல தரையிறக்கங்களுக்குப் பிறகு, ஓரமாக நிறுத்தச் சொல்லி, தன் இருக்கை வாரைக் கழற்றிக் கொக்கியைப் பூட்டிவிட்டு, “ஒரு சுற்று போய் வாருங்கள்” என்று இறங்கிவிடுவார். அவருடைய எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாகத் தரையை விட்டு எழும்பும், வேகமாக ஏறும். இதை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால் திடுக்கிட மாட்டீர்கள். சக மாணவர் உங்களுக்கு முன் பறந்துவிட்டார் என்பதற்காக அவசரப்படுத்தாதீர்கள்.

கணினியில் சிமுலேட்டர் பழகினால் பயன் உண்டா?

உண்டு, ஓர் எச்சரிக்கையோடு. சரிபார்ப்புப் பட்டியல், வானொலிப் பேச்சு, வழிசெலுத்தல் ஆகியவற்றை வீட்டிலேயே பழகலாம். ஆனால் வீட்டுச் சிமுலேட்டரில் வளர்ந்தவர்கள் விமானத்தில் ஏறியதும் அளவிகளையே வெறித்துப் பார்க்கிறார்கள். வெளியே பார்ப்பதே இல்லை. இந்தப் பழக்கத்தை உடைக்கப் பயிற்றுநர் அளவிகளைக் காகிதத்தால் மூடிவிடுவதும் உண்டு.

எழுத்துத் தேர்வு எப்படி இருக்கும்? ஆங்கிலம் தெரிய வேண்டுமா?

விமானச் சட்டம், வானிலை, வழிசெலுத்தல், பறத்தலின் கோட்பாடுகள், விமானத்தின் அமைப்பு, செயல்திறனும் திட்டமிடலும், மனித இயல்புகள், செயல்முறைகள், வானொலித் தொடர்பு ஆகியவை பாடங்கள். பள்ளியில் வகுப்பு நடத்துகிறார்களா, நீங்களே படித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டறியுங்கள். எழுத்துத் தேர்வுகளைத் தனிப் பறப்புக்கு முன்பே முடிக்கத் தொடங்குபவர்கள் பிற்பாடு திணறுவதில்லை. தேர்வைக் கடைசிவரை தள்ளிப்போட்டுப் பறக்க முடியாமல் மாதக்கணக்கில் நிற்பவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

சர்வதேச வானொலித் தொடர்பில் ஆங்கிலத்தைப் பயன்படுத்தும் விமானிகள் ஆறு நிலைகள் கொண்ட அளவுகோலில் நான்காம் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. தெளிவாகக் கேட்டு, தெளிவாகச் சொல்லி, புரியாதபோது புரியவில்லை என்று கேட்கும் துணிவு போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, வாந்தியும் வருகிறது. தொடரலாமா?

தொடக்கப் பாடங்களில் குமட்டல் பலருக்கும் வருவதே. காலையில், தரை சூடேறிக் காற்று குலுங்கத் தொடங்குவதற்கு முன் பறக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். கட்டுப்பாடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஓட்டுபவரைவிடச் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே அதிகம் குமட்டும். தூக்க மருந்தின் விளைவுள்ள பயணக் குமட்டல் மாத்திரைகளை விமானம் ஓட்டும்போது எடுக்கவே கூடாது.

பயத்தைப் பொறுத்தவரை, இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்ற எண்ணமே பலரை வாட்டுகிறது. அது விழுவதில்லை, சறுக்குகிறது. செஸ்னா 172 போன்ற விமானம் 1,000 அடி உயரத்தை இழப்பதற்குள் காற்றில்லாத வானில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் முன்னேறிவிடும். எந்த வயலில் இறங்குவது என்று தேர்ந்தெடுத்துச் சறுக்கி வருவதைப் பயிற்றுநர் த்ராட்டிலைப் பின்னிழுத்துப் பலமுறை பழக்குவார். அத்தகைய பாடம் ஒன்று முடிந்த பிறகு பயம் பெருமளவு தணிந்துவிடுவதைக் காணலாம். நான் உண்மையில் அஞ்சச் சொல்வது வேறொன்றை: வானிலை மோசமாகும்போது, வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் மேகத்திற்குள் நுழையும் மனநிலையை. வானிலை காரணமாகப் பாடத்தை ரத்து செய்யும் பள்ளியைக் குறை சொல்லாதீர்கள்; ரத்து செய்யத் தயங்கும் பள்ளியைவிட்டு விலகுங்கள்.

பாதியில் பள்ளியை மாற்றலாமா?

மாற்றலாம். உங்கள் பறப்புப் பதிவேடு உங்களுடையது. அதில் பயிற்றுநர் கையெழுத்திட்ட மணி நேரம் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் உங்களோடு வரும். இருந்தாலும், எந்தெந்தப் பாடங்கள் முடிந்தன, எவ்வளவு தேர்ச்சி என்ற பயிற்சிக் குறிப்புகள் பள்ளியின் கோப்பில் இருக்கும். அவற்றின் நகலை விலகும்போது கேட்பதைவிட, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது எளிது. பதிவேட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். விலகிப்போன பயிற்றுநரைத் தேடிப்பிடித்து ஆறு மாதத்திற்கு முந்தைய பறப்புக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. புதிய பள்ளி முதலில் ஒன்றிரண்டு மணி நேரம் உங்களைச் சோதித்துப் பார்க்கும். அதற்கான தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பழைய பள்ளியில் மீதமுள்ள முன்பணம் கைக்கு வந்த பிறகே விலகல் கடிதத்தைக் கொடுங்கள்.